இடுப்பு வலியும் எடுத்துச் சொல்லும் வைத்தியமும்

நெடுநாளாக இடுப்பு வலியால் வருந்துகிறவர் ஒருவருடைய வீட்டில், பீரோவின் மேலோ கட்டிலின் அடியிலோ, ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை ஒன்று இராமற் போகாது. நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது என்றோ, நீர் வற்றிச் சுருங்கியிருக்கிறது என்றோ, எலும்பின் ஓரம் தேய்ந்து முனை நீண்டிருக்கிறது என்றோ அந்த உறைக்குள் இருக்கும் அறிக்கை கூறும். அதைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்ட நாள் முதலாக, 'ஜவ்வு விலகிவிட்டது', 'எலும்பு தேய்ந்துவிட்டது' என்ற இரண்டு வாக்கியங்களும் அவருடைய வாழ்க்கையின் சட்டங்களாகிவிடுகின்றன. தரையில் உட்காருவதை விடுகிறார். குனிந்து கோலம் போடுவதை விடுகிறார். தண்ணீர்க் குடத்தையும் பேரக் குழந்தையையும் தூக்குவதை விடுகிறார். இடுப்புக்குப் பெல்ட்டு ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் வலி குறைந்தபாடில்லை. இது முதல் புதிர்.

இரண்டாவது புதிர் இதைவிட விசித்திரமானது. அதே தெருவில் வசிக்கும் அதே வயதுடைய ஒருவரை, இடுப்பு வலி என்று ஒரு நாளும் வாய் திறந்து சொல்லாத ஒருவரை, அதே யந்திரத்துக்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தால், அதே பிதுக்கமும் அதே தேய்மானமும் அவரிடத்திலும் பெரும்பாலும் காணப்படும்.

இது ஊகமன்று. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் சிலர், இடுப்பு வலியே இல்லாத 98 பேரைத் தேடிப்பிடித்து, காந்த ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் கையாண்ட உபாயம். 'இவர்களெல்லாரும் சுகமாயிருப்பவர்கள்' என்று முன்கூட்டியே தெரிந்தால் படத்தைப் படிக்கும் நிபுணரின் கண் தானாகவே குறைகளைச் சிறிதாக எண்ணிவிடக் கூடும். ஆகையால் இடுப்பு வலியுள்ள 27 பேரின் படங்களை இவர்களுடைய படங்களோடு கலந்து, எது யாருடையது என்று தெரிவிக்காமல், இரண்டு நிபுணர்களிடம் தனித்தனியே கொடுத்தார்கள். வலியில்லாத அந்த 98 பேரில் நூற்றுக்கு 52 பேருக்குக் குறைந்தபட்சம் ஓர் இடத்திலாவது தட்டு விரிந்து புடைத்திருந்தது. நூற்றுக்கு 27 பேருக்கு அது ஒரு பக்கமாகப் பிதுங்கியே இருந்தது. இடுப்பின் எல்லாத் தட்டுகளும் குறையில்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தாம். இத்தகைய 33 ஆராய்ச்சிகளைச் சேர்த்து, வலியில்லாத 3110 பேரின் படங்களை வயதுவாரியாகப் பிரித்து 2015-இல் வெளியிட்டார்கள். தட்டுகள் நலிந்திருப்பது இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேரிடமும், எண்பது வயதினரில் நூற்றுக்கு 96 பேரிடமும் காணப்பட்டது. வலி என்பதை அறியாத முதுகுகளில் இந்த நிலை!

தட்டு என்று நாம் இங்கே குறிப்பிடுவது இன்னதென்று சிறிது விளக்குவது அவசியம். இடுப்புப் பகுதியில் ஐந்து முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில், வெளியே வலுவான நார்களால் பல அடுக்காகப் பின்னப்பட்ட வளையமும், உள்ளே நீர்ச்சத்து மிகுந்த கூழான மையமும் கொண்ட ஓர் உறுப்பு உண்டு. அதைத்தான் வைத்தியர்கள் டிஸ்க் என்றும், ஜனங்கள் ஜவ்வு என்றும் சொல்லுகிறார்கள். மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுகப் பற்றியிருப்பதால், இருந்த இடத்தை விட்டு விலகி ஓடுவது என்பது அதற்கு இயலாத காரியம். வயது ஏற ஏற மையத்தின் நீர் குறையும். வளையம் சற்றே தளர்ந்து புடைக்கும். சில வேளைகளில் வளையத்தில் கீறல் விழுந்து, உள்ளிருக்கும் பொருள் பிதுங்கி, பக்கத்திலுள்ள நரம்பின் வேரை உறுத்தும். இந்த மாற்றங்கள் எல்லாம் பாரம் தூக்கியதன் தண்டனை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம். பின்லாந்து தேசத்தில், ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரர்களில் ஒருவர் கடினமான உடலுழைப்பும் மற்றவர் இலேசான வேலையும் செய்துவந்த ஜோடிகளாகத் தேர்ந்து ஒப்பிட்டபோது, தொழிலைக் காட்டிலும் பரம்பரையே தட்டின் நிலையை மிகுதியாகத் தீர்மானிக்கிறது என்பது தெரியவந்தது.

தட்டின்மேல் இவ்வளவு பழி விழுந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1934-இல் பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய தட்டு நரம்பை அழுத்துவதால் கால்வரை பரவும் வலி உண்டாகிறதென்றும், அதை அறுவை சிகிச்சையால் நீக்கலாமென்றும் எழுதினார்கள். அது மெய்யான கண்டுபிடிப்பே. பிட்டத்திலிருந்து இறங்கிப் பாதம்வரை சுரீரென்று ஓடும் வலிக்கு இன்றும் அந்த விளக்கம் பெரும்பாலும் பொருந்துகிறது. அப்படிப் பிதுங்கிய துண்டுங்கூட அநேகரிடத்தில் சில மாதங்களில் தானாகவே சுருங்கி மறைகிறது என்பதும் பிற்காலத்தில் புலனாயிற்று. ஆனால் காலுக்கு இறங்கும் வலிக்கு ஏற்பட்ட அந்தச் சித்தாந்தம், இடுப்போடு நிற்கும் சாதாரண வலிக்கெல்லாம் விஸ்தரிக்கப்பட்டதே பிழையாயிற்று. வைத்தியரிடம் வரும் இடுப்பு வலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, 'இன்ன இடத்தில் இன்ன கோளாறு' என்று சுட்டிக் காட்ட முடியாத வகையைச் சேர்ந்தவை. படத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்வதும் மிகையாகும். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களை மொத்தமாக எடுத்து எண்ணினால், வலியுள்ளவர்களிடம் இத்தகைய மாற்றங்கள் சற்று அதிகமாகவே காணப்படுகின்றன. எனினும் ஒரு தனி மனிதரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இவருக்கு வலி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல எந்த நிபுணராலும் முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்வது தர்மமன்று. மீதமுள்ள பத்தில் சில, உடனே கண்டறிந்து சிகிச்சை செய்ய வேண்டிய வியாதிகள். மாலையில் காய்ச்சலும், இராத்திரி வியர்வையும், உடம்பு இளைப்பும் சேர்ந்து, படுத்தாலும் தணியாத வலி இருக்குமானால், முதுகெலும்பைப் பற்றும் காசநோயை நம் தேசத்தில் மறக்கவே கூடாது. முன்னே புற்றுநோய் வந்து குணமானவர்களும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்களும், கீழே விழுந்த பிறகு வலி கண்ட முதியவர்களும் தாமதியாமல் வைத்தியரைப் பார்க்க வேண்டும். மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வராமல் அடைத்தல் அல்லது தன்னையறியாமல் கசிதல், கால்கள் வலுவிழந்து துவளுதல் ஆகிய குறிகள் தோன்றினால், மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இக்குறிகள் எவையும் இல்லை என்று வைத்தியர் சோதித்து உறுதிசெய்த பிறகு, மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கிற வலியைப் பற்றியதே இக்கட்டுரையின் மிச்சமெல்லாம்.

காயம் சிறிதாகவோ ஆறியோ இருக்க, வலி மட்டும் பெரிதாக நிற்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை காண, வலி என்பது என்ன என்றே முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. தேகார்த் என்ற பிரெஞ்சுத் தத்துவ ஞானி எழுதி, அவர் காலஞ்சென்ற பின் 1664-இல் பிரெஞ்சில் வெளியான நூலில், நெருப்பருகே காலை வைத்திருக்கும் ஒருவனுடைய படம் இருக்கிறது. பாதத்தில் நெருப்புப் பட்டதும், அங்கிருந்து மூளைவரை செல்லும் ஓர் இழை அசைந்து, வலியை மேலே அறிவிக்கிறது என்பது அவர் கொள்கை. அடிபட்ட அளவுக்கு வலி. வலித்த அளவுக்கு அடி. நம்மில் பெரும்பாலோர் இன்னும் இந்தக் கொள்கையைத்தான், அதன் பெயர் தெரியாமலே, மனத்தில் வைத்திருக்கிறோம்.

அது முழு உண்மையாயிருந்தால், 1944-இல் இத்தாலி தேசத்து அன்ஸியோ கடற்கரையில் நடந்த போரில் கண்ட காட்சியை விளக்க முடியாது. அங்கே பணியாற்றிய பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர், பலத்த காயமுற்ற 215 சிப்பாய்களை விசாரித்து 1946-இல் எழுதியபடி, அவர்களில் நாலில் மூன்று பங்கினர் வலி நிவாரணி வேண்டாம் என்று சொன்னார்கள். குண்டுகளுக்கு நடுவிலிருந்து உயிரோடு மீண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவனுக்கு, அந்தக் காயம் வீட்டுக்குத் திரும்பும் அநுமதிச்சீட்டாகத் தோன்றியிருக்கலாம் என்று பீச்சர் கருதினார். இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்றை இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகை 1995-இல் பிரசுரித்தது. கட்டட வேலை செய்யும் 29 வயது இளைஞர் ஒருவர், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆணியின்மேல் குதித்துவிட்டார்; ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே எழுந்து நின்றது. ஆணி சிறிது அசைந்தாலும் தாங்கமாட்டாமல் துடித்த அவருக்குப் பலமான மருந்துகள் கொடுத்து, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தபோது, ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே புகுந்து சென்றிருந்தது; பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த வாலிபரின் வலியைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பூட்ஸை ஊடுருவிய ஆணியைக் கண்ணால் பிரத்தியட்சமாகக் கண்ட மூளை, அதற்குத் தகுந்த வலியை உண்டாக்கிற்று.

தோலிலும் தசையிலும் எலும்பிலும் உள்ள நரம்பு நுனிகள் மூளைக்கு அனுப்புவது வலியை அன்று. அழுத்தம், சூடு, காயத்தில் ஊறும் ரசாயனங்கள் ஆகியவற்றைப் பற்றிய செய்தியை மட்டுமே அவை அனுப்புகின்றன. அவற்றை அபாய உணர்விகள் என்று சொல்லலாம். அந்தச் செய்தி தண்டுவடத்தை அடைந்ததும், அங்கே அது பெருக்கப்படவும் கூடும், அடக்கப்படவும் கூடும் என்பதை மெல்ஸாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் வாயிற்கதவுக் கொள்கை என்ற பெயரால் வெளியிட்டார்கள். மேலே இருக்கும் மூளையோ, வந்த செய்தியோடு, பழைய அனுபவம், இப்போதைய கவலை, வைத்தியர் சொன்ன சொல், நேற்றிரவு வந்த தூக்கம், வேலை போய்விடுமோ என்ற பயம் ஆகிய யாவற்றையும் சேர்த்து நிதானித்து, இந்தச் சரீரத்துக்குப் பாதுகாப்புத் தேவை என்று தீர்மானிக்கும்போதுதான் வலி பிறக்கிறது.

இதைவிட முக்கியமானது 1983-இல் வுல்ஃப் என்ற விஞ்ஞானி லண்டனில் எலிகளிடத்தில் கண்ட உண்மை. எலியின் பாதத்தில் ஏற்பட்ட காயத்துக்குப் பின், மெல்லத் தொட்டாலும் கால் துள்ளிற்று, அது எதிர்பார்த்ததே. காயம்பட்ட இடத்தையே மரத்துப்போகச் செய்து, அங்கிருந்து ஒரு செய்தியும் மேலே செல்லாதபடி தடுத்த பிறகும், அந்தத் துள்ளல் அடங்கவில்லை. ஆகவே மாறுதல் பாதத்தில் மட்டும் இல்லை. தண்டுவடத்தின் நரம்பணுக்களே கிளர்ச்சியுற்று, அந்தக் கிளர்ச்சியைக் கைவிடாமல் வைத்திருந்தன. இதனை மையநரம்பு மிகையுணர்வு என்று நாம் அழைக்கலாம். நாட்பட்ட வலியுள்ள மனிதர்கள் பலரிடத்திலும் இத்தகைய நிலையின் அடையாளங்கள் காணப்படுகின்றன.

ஒரு முறை திருடன் புகுந்த வீட்டின் நாயை நினைத்துப் பாருங்கள். அன்று அது குரைத்தது நியாயம். அதனால்தான் வீட்டார் விழித்துக்கொண்டார்கள். அதன் பிறகோ, தபால்காரர் வந்தாலும் குரைக்கிறது, பால்காரர் மணி அடித்தாலும் குரைக்கிறது, வாசலில் சருகு விழுந்தாலும் குரைக்கிறது. அந்தக் குரைப்பு மெய்யானது. வீட்டார் காதால் கேட்கிறார்கள், தூக்கம் கெடுகிறது. ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் ஒரு திருடன் இருக்கிறான் என்று கொண்டால், வாசற்கதவைத் திறக்கவே முடியாது. நாட்பட்ட இடுப்பு வலி பெரும்பாலும் இத்தகைய காவலே. 'உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை' என்று வலியுள்ளவரிடம் சொல்லுகிறவர்கள், நாய் குரைக்கவே இல்லை என்று சாதிக்கிறவர்கள். அவர்கள் சொல் அநியாயமானது மட்டுமன்று, சாஸ்திரத்துக்கும் விரோதமானது.

வாசற்கதவை நிரந்தரமாக மூடிவிட்டால் நாய் அமைதி அடையும் என்று எண்ணுவது இயல்பு. வைத்தியர்களும் வெகு காலம் அப்படியே எண்ணி, இடுப்பு வலி என்று வந்தவர்களைப் பலகைக் கட்டிலில் வாரக்கணக்காகப் படுக்கவைத்தார்கள். அந்த வழக்கத்துக்குச் சோதனை வந்தது 1986-இல். அமெரிக்காவில் 203 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு நாளும் மறு பிரிவுக்கு ஏழு நாளும் படுக்கை ஓய்வு விதித்துப் பார்த்ததில், குறைவாகப் படுத்தவர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் நூற்றுக்கு 45 பங்கு குறைவாக இருந்தன. குணத்தில் வேறு வித்தியாசம் காணப்படவில்லை. 1995-இல் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த சோதனை இன்னும் கூர்மையானது. திடீரென்று இடுப்பு வலி கண்ட அவர்களைத் திருவுளச்சீட்டு முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினரைப் படுக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு இடுப்புக்கான அப்பியாசங்களைக் கற்பித்தார்கள். மூன்றாம் பிரிவினரிடம், வலி அநுமதிக்கிற அளவில் வழக்கமான காரியங்களைச் செய்துவாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். மூன்றாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் கணக்கெடுத்தபோது, எல்லாரினும் நன்றாகத் தேறியிருந்தவர்கள் அந்த மூன்றாம் பிரிவினரே. மிக மெதுவாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள். இவை புதிதாக வந்த வலியைப் பற்றிய சோதனைகள்தாம். ஆனால் பழைய வலியாக அது உறைந்துபோவதற்குப் படுக்கையும் பயமும் எவ்வளவு துணைசெய்கின்றன என்பதும் இந்தக் காலத்தில் தெளிவாகத் தொடங்கிற்று. வலிக்குமே என்று அஞ்சி அசைவை விடுவதும், விட்டதனால் தசை மெலிவதும், மெலிந்ததனால் சிறு வேலையும் வலிப்பதும், வலித்ததனால் அச்சம் உறுதிப்படுவதுமாகச் சுழலும் இந்தச் சக்கரத்தை அச்ச விலக்கம் என்று உளநூலார் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நோயாளிக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்ற எண்ணம் இதற்கு முன்பே தோன்றியதுதான். 1969-இல் ஸ்வீடனில் முதுகுப் பள்ளி என்ற ஒன்று தொடங்கிற்று. முதுகெலும்பின் அமைப்பையும், எப்படி உட்காருவது, எப்படிக் குனிவது, எப்படிப் பாரம் தூக்குவது என்பதையும் சில வகுப்புகளில் அங்கே கற்பித்தார்கள். அதே தேசத்து நாக்கெம்ஸன் என்ற அறிஞர், மனிதர்களின் தட்டுக்குள் ஊசி செலுத்தி, நிற்கும்போதும் உட்காரும்போதும் முன்னால் சாயும்போதும் அதிலுள்ள அழுத்தம் எவ்வாறு மாறுகிறது என்று அளந்து சொன்ன கணக்குகள் இதற்கு ஆதாரமாயின. அவர்களுடைய நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் முதுகு என்பது எளிதில் பழுதாகும் யந்திரம், அதைக் காக்க வேண்டியது உன் கடமை என்ற செய்தியும் அந்தப் பாடத்தோடு சேர்ந்தே போயிற்று. ஆரோக்கியமான முதுகு குனிவதற்கென்றே அமைந்தது. பயிர் நடுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் தறியில் உட்காருகிறவர்களும் அறிந்த செய்தி இது. பாதுகாக்கக் கற்பித்த கல்வி, சிலருக்குப் பயத்தையும் சேர்த்தே கற்பித்துவிட்டது.

கல்வியின் பொருளையே மாற்றி அமைத்த ஒரு பெரிய முயற்சி ஆஸ்திரேலியாவில் நடந்தது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், வைத்தியர் ஒருவரிடமிருந்து நோயாளி ஒருவருக்குப் போகும் சொல்லை, ஒரு மாகாணம் முழுவதற்கும் சொல்லிப் பார்த்த முயற்சி அது. விக்டோரியா மாகாணத்தில் வேலையில் அடிபட்டோருக்கு நஷ்டஈடு கொடுக்கும் அரசாங்க நிறுவனம், முதுகு வலிக்காக ஏறிக்கொண்டே போன செலவைக் கண்டு, 1997 முதல் 1999 வரை தொலைக்காட்சியிலும் ரேடியோவிலும் பத்திரிகைகளிலும் பிரசாரம் செய்தது. பிரபல வைத்தியர்களும், முதுகு வலியிலிருந்து மீண்ட விளையாட்டு வீரர்களும், நடிகர்களும் திரையில் தோன்றி, படுத்துக் கிடக்காதீர்கள், நடமாடுங்கள், வேலையை விடாதீர்கள், படம் எடுப்பதும் அறுவையும் பெரும்பாலும் தேவையில்லை என்று எடுத்துச் சொன்னார்கள். இதே உபதேசத்தை வைத்தியர்களுக்கும் அச்சடித்து அனுப்பினார்கள்.

பிரசாரம் பலித்ததா என்று எப்படி அறிவது? விக்டோரியாவில் முன்னும் பின்னும் ஜனங்களைக் கேட்டால் மட்டும் போதாது. காலப்போக்கில் எல்லா இடத்திலும் அபிப்பிராயம் மாறியிருக்கலாம் அல்லவா? அதனால் பிரசாரம் நடவாத அடுத்த மாகாணமாகிய நியூ சவுத் வேல்ஸிலும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு இடத்திலுமாக 4730 பொதுஜனங்களையும் 2556 வைத்தியர்களையும் விசாரித்து, புக்பைண்டர் என்ற அம்மையாரும் அவருடைய துணைவர்களும் 2001-இல் வெளியிட்ட முடிவுகள் இவை: விக்டோரியாவில் ஜனங்களின் நம்பிக்கை தெளிவாக மாறிற்று, வைத்தியர்களின் போக்கும் மாறிற்று, முதுகு வலிக்கான நஷ்டஈட்டு மனுக்கள் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் குறைந்தன. அடுத்த மாகாணத்தில் அத்தகைய மாற்றம் இல்லை. பிரசாரம் ஓய்ந்து மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்தத் தெளிவு ஜனங்களிடம் பெருமளவு நிலைத்திருந்தது. யாருடைய முதுகெலும்பும் இதற்காகத் திருத்தப்படவில்லை, யாருடைய தட்டும் உள்ளே தள்ளப்படவில்லை என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும்.

எந்தச் சொல் பயன்படுகிறது, எது பயன்படுவதில்லை என்பதையும் பிரித்தறிய முயன்றிருக்கிறார்கள். மோஸ்லி என்ற ஆஸ்திரேலிய அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும், நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 58 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு முதுகெலும்பின் அமைப்பையும், மறு பாதியினருக்கு வலி எவ்வாறு உண்டாகிறது என்பதையும் போதித்து 2004-இல் எழுதினார்கள். இரண்டும் கல்விதான், இரண்டுக்கும் செலவான நேரமும் ஒன்றே. வலியின் இயல்பை அறிந்தவர்கள், முன்னைவிடத் தாழக் குனிந்தார்கள். படுத்தபடி காலை நிமிர்த்தி முன்னைவிட உயர்த்தினார்கள். தசையை நீட்டும் பயிற்சி எதுவும் இந்தப் பாடத்தில் இல்லை. தடுத்துக்கொண்டிருந்த பயம் சற்றுத் தளர்ந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். ஆனால் அன்றாட வாழ்க்கையின் இயலாமை அந்த ஒரு பாடத்தால் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்பதையும் அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நேர்மையை நாமும் பின்பற்ற வேண்டும். புதிதாக வலி வந்த 202 பேரிடம், வலியின் இயல்பைப் பற்றிய பாடத்தை ஒரு பிரிவுக்கும், அநுதாபத்தோடு வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சை மறு பிரிவுக்கும் கொடுத்து ஒப்பிட்டதில், மூன்று மாதம் கழித்து வலியில் வித்தியாசம் காணப்படவில்லை என்று 2019-இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடங்கிய ஒரு சோதனையில், ஒரு பிரிவினரின் ஸ்கேன் அறிக்கைகளில், இந்த மாற்றம் வலியில்லாத இத்தனை பேரிடத்திலும் காணப்படுவதே என்ற வாக்கியத்தைச் சேர்த்து அச்சிட்டுப் பார்த்தார்கள். அபினி வகை மருந்து எழுதுவது மிகச் சிறிதளவு குறைந்ததே தவிர, மற்றச் சிகிச்சைகளின் அளவு மாறவில்லை. காகிதத்தில் அச்சிட்ட ஒரு வரி, எதிரே உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கையைப் பிடித்துக் குனியவைத்துப் பார்க்கும் ஒரு மனிதருக்கு ஈடாகாது என்றே நான் இதற்குப் பொருள் கொள்கிறேன். நாயிடம் திருடன் இல்லை என்று சொன்னால் அது கேட்காது. தபால்காரர் தினமும் வந்து, தினமும் ஒரு தீங்கும் செய்யாமல் திரும்பிப் போவதை அது கண்ணால் காண வேண்டும். அசைவே அந்தத் தபால்காரர். எடுத்துச் சொல்வதன் பயன், கதவைத் திறந்துவைக்கும் தைரியத்தை வீட்டாருக்கு உண்டாக்குவது.

2023 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டியிலும் இந்த இரண்டும், அதாவது கிரமமான கல்வியும் உடற்பயிற்சியும், முன்வரிசையில் நிற்கின்றன. இடுப்புப் பெல்ட்டு, எடை கட்டி இழுக்கும் ட்ராக்ஷன், ஒலியலைச் சிகிச்சை, ஜனங்கள் 'கரண்டு வைப்பது' என்று சொல்லும் மின் சிகிச்சை, அபினி வகை மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமாகக் கையாள வேண்டாம் என்று அதே ஏடு கூறுகிறது. நம் ஊர்களில் இடுப்பு வலிக்காரர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் இந்தப் பின்வரிசையைத்தான் என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது. மாதக்கணக்கில் இழுவைக்கும் கரண்டுக்கும் கூலியை இழந்து செல்லும் ஒரு கட்டட வேலைக்காரருக்கு, அரை மணி நேரம் ஒதுக்கி, 'ஐயா, உங்கள் முதுகு உடைந்துபோகவில்லை. படத்தில் இருப்பது உங்கள் வயதுக்கு உரியது. வலிப்பது மெய்தான், ஆனால் வலிப்பதெல்லாம் கெடுதல் அல்ல. சிறிது சிறிதாக வேலையைக் கூட்டிக்கொண்டு போகலாம், நான் கூட இருக்கிறேன்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். இதற்கு யந்திரம் வேண்டியதில்லை. பொறுமையும் நேரமும் வேண்டும்.

எந்தப் பயிற்சி உத்தமம் என்று கேட்பார்கள். ஒன்றைவிட ஒன்று மிக உயர்ந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லாததால், எது ஒருவரால் விடாமல் செய்ய முடிகிறதோ அதுவே அவருக்கு உத்தமம். செலவில்லாத நடையைப் பற்றி மட்டும் 2024-இல் ஒரு நல்ல சான்று கிடைத்தது. இடுப்பு வலி வந்து அண்மையில் தேறியிருந்த 701 பேரை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும், பிசியோதெரபி நிபுணர் ஆறு மாத காலத்தில் ஆறு சந்திப்புகளில் வலியின் இயல்பை விளக்கி, அவரவர் சக்திக்கேற்ப நடையைக் கூட்டிக்கொண்டே போய், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கும் இலக்கை நோக்கிச் செல்லத் துணைசெய்தார். வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி மறுபடி வருவதற்கு, நடந்த பிரிவில் நடுமட்டமாக 208 நாட்களும், நடக்காத பிரிவில் 112 நாட்களும் ஆயின.

ஆறு மாதமாகப் படியேறாதவர் முதல் நாளே அரை மணி நடக்கப் புறப்பட்டால், மறுநாள் எழுந்திருக்க முடியாமல், நடையையே பழித்துவிடுவார். சிரமமில்லாமல் முடிகிற தூரம் எதுவோ, பத்து நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, அதிலிருந்து தொடங்கி, நல்ல நாளில் ஆசைப்பட்டு அதிகமாகவும் கெட்ட நாளில் பயந்து பூஜ்யமாகவும் செய்யாமல், வாரத்துக்கு வாரம் சிறிதளவே கூட்ட வேண்டும். கைவிட்ட காரியங்களையும் அப்படியே ஒவ்வொன்றாக மீட்கலாம்: முதலில் மணைமேல் உட்கார்ந்து, பிறகு தரையில், முதலில் அரைக் குடம், பிறகு முழுக் குடம். நடுவில் வலி கூடும் நாட்கள் நிச்சயமாக வரும். தூக்கமில்லாத இரவுக்குப் பின்னும், வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தபோதும், காரணமே தெரியாமலும் வரும். அன்றைக்கு நடையைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டு, வெந்நீர் ஒத்தடத்தால் இதம் கிடைத்தால் அதையும் செய்துகொண்டு, படுக்கையில் நாளைக் கழிக்காமல், இயன்ற வேலையைச் செய்துவந்து, இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடலாம். அதற்காக மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.